அம்மா தண்ணீரில் இறங்கிய நாட்கள்

மார்ச் 3, திங்கள்

பழைய வேலை வெள்ளியோடு முடிந்தது. ஒன்பது மாத எஞ்சின் அறை வேலைக்குக் கப்பல் ஏற இன்னும் பதினோரு நாள். ஆறு வருடம் ஜெனரேட்டர் பழுது பார்த்தவளுக்குச் சும்மா இருப்பது எப்படியென்றே தெரியவில்லை. ஒன்பது மணிவரை தூங்கினேன். எழுந்து பார்த்தால், அப்பா என் பெட்டியின் சக்கரங்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார். லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, சத்தம் போடும் எதையும் விட்டுவைக்க மாட்டார்.

சாயங்காலம் தவளை வந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுடைய கரகரத்த குரலுக்கு நாங்கள் வைத்த பெயர். இப்போது நகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். பெயர் தொழிலுக்கே பொருந்திவிட்டது. "கப்பல்ல போறவளுக்கு நீச்சல் மறந்துடக் கூடாதுடி. தினமும் காலைல என் குளத்துக்கு வந்துடு" என்றாள். நான் தலையாட்டுவதற்குள் சமையலறையிலிருந்து அம்மா குரல்: "நானும் வரேன்."

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். அம்மாவுக்கு ஐம்பத்தேழு வயது. கடற்கரைக்குப் போனால் எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருப்பதுதான் அவள் வேலை. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவாள்.

மார்ச் 4, செவ்வாய்

கடையில் தொங்கிய நீச்சல் உடைகளை அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பி உள்பக்கம் பார்த்தாள். "இதுக்குப் பேரு தையலா? ரெண்டு தடவை இழுத்தா வாயைப் பொளந்துடும்." முப்பது வருடமாகத் தையல் கடைக்கு யூனிஃபார்ம் தைக்கிற கண். துணி மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

மதியம் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். இழுத்தால் நீளும் துணி, மெஷினில் தையல் விட்டுவிட்டு விழுந்தது. அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. ஊசியை மாற்றினாள். மறுபடி மாற்றினாள். நூலைத் தளர்த்தி, வளைவுத் தையல் போட்டுப் பார்த்து, இழுத்துப் பார்த்து, "இப்ப வா" என்று துணியிடமே சொன்னாள். நான் எத்தனையோ இயந்திரம் பிரித்திருக்கிறேன். இந்தப் பொறுமை எனக்கு வராது. இத்தனை வருடம் அந்த மெஷின் சத்தத்தை எரிச்சலோடு கேட்டவள்தானே நான்?

முழுக்கை, முழுக்கால், கழுத்துவரை. போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்து நின்றாள்.

"நிலாவுக்கே போயிட்டு வரலாம் போலிருக்கே" என்றார் அப்பா.

மார்ச் 5, புதன்

இறங்கினாள். மூன்றடி ஆழம். நாற்பது நிமிடம் பக்கக் கம்பியை விடவேயில்லை. ஆனால் இறங்கினாள்!

மார்ச் 6, வியாழன்

இன்று முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். அப்பா கரையில் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் நாலு துண்டோடு, உரக்க எண்ணினார். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." நாலில் அம்மா மேலே வந்து, "மெதுவா எண்ணுறீங்க நீங்க! வேணும்னே பண்றீங்க!" என்று சண்டைக்குப் போனாள். குளமே சிரித்தது.

பிறகு ஈரத் தலையோடு மூன்று பேரும் காய்ந்த தலையோடு அப்பாவும் மதில்மேல் உட்கார்ந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் காலி செய்தோம். தவளை, அம்மாவைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "சின்னப் பிள்ளைங்களுக்குப் பயம் தெரியாது, சொல்லிக் குடுக்கறது ஈஸி. இவங்க உடம்பு பூரா பயத்தை வெச்சுக்கிட்டு இறங்குறாங்கடி. என் எட்டு வருஷ சர்வீஸ்ல இப்படி நாலு பேரைத்தான் பாத்திருக்கேன்."

தவளை லேசில் யாரையும் புகழ மாட்டாள்.

மார்ச் 8, சனி

அம்மாவுக்குக் கால் வழுக்கிவிட்டது. மூன்றடித் தண்ணீர்தான், எழுந்து நிற்கலாம் - நிற்கலாம் என்பதே அவளுக்கு மறந்துபோய்விட்டது. நான் குதிப்பதற்குள் தவளை தூக்கிவிட்டாள். மூக்கிலும் வாயிலும் தண்ணீர். இருமி இருமிக் கண் சிவந்துவிட்டது. வீடு வரும்வரை அப்பா அவள் கையை விடாமல் நடந்துவந்தார்.

"போதும்மா, விட்டுடு" என்றேன். உடுப்பை அலசிக் கொடியில் போட்டாள்.

அறைக்கு வந்து ஃபோனில் கப்பல் கம்பெனிக்கு ஒரு கடிதம் அடித்தேன். குடும்பச் சூழ்நிலை காரணமாக அடுத்த கப்பலுக்கு மாற்றித் தர முடியுமா என்று. ஒன்பது மாதம் இவளை விட்டுவிட்டு எப்படிப் போவது?

சும்மா எழுதாதே. உண்மையை எழுது. அந்த எஞ்சின் அறையில் நான் ஒருத்திதான் பொம்பளை. கப்பல் எஞ்சினை இதுவரை பயிற்சியில்தான் தொட்டிருக்கேன். எனக்குத்தான் பயம். அதுக்கு அம்மா பேரை வெச்சுட்டேன்.

கடிதம் அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

காலை ஐந்தரைக்கு அம்மா உடுப்பு மாட்டித் தயாராக நிற்கிறாள்.

"ஏம்மா இப்படி உயிரை விடுற? யாரு கேட்டா உன்னை?"

தலையை முடிந்துகொண்டே சொன்னாள்: "நீ இந்த வேலைக்கு எழுதிப் போட்டதுலேர்ந்து தண்ணியப் பாத்தாலே உன் கப்பல் முங்குற மாதிரி தோணுது. ஒம்பது மாசம் பயந்துக்கிட்டே கெடக்க முடியுமா? அதான், என்னதான் இருக்கு அதுலன்னு போய்ப் பாத்துடலாம்னு."

"நேத்து பாத்தியே, என்ன இருந்துச்சு?"

"மூக்கு எரிஞ்சுது. அவ்வளவுதான்."

எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்பதையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அனுப்பிட்டியா?"

"இல்ல."

"அப்ப துண்டை எடு. நேரமாச்சு."

போகும் வழியிலேயே அழித்துவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

மிதந்தாள்!! தவளை முதுகுக்கு அடியிலிருந்து கையை எடுத்தது அவளுக்குத் தெரியாது. கூரையைப் பார்த்துக்கொண்டு, கை இரண்டும் விரிந்து, காதுவரை தண்ணீர், முகத்தில் ஒரு சுருக்கமில்லை. இருபதுவரை எண்ணினார் அப்பா, அவளுக்குக் கேட்காத குரலில். இந்த முகத்தை நான் பார்த்ததேயில்லை. எனக்கு முன்னால், அப்பாவுக்கும் முன்னால், அவள் இப்படித்தான் இருந்திருப்பாளோ?

மார்ச் 13, வியாழன்

நாள் முழுக்க நாலு பேரும் சீட்டாடினோம். தவளை கள்ளாட்டம் ஆடினாள். அப்பா தெரிந்தே விட்டுக்கொடுத்தார். நடுவில் கம்பெனி அனுப்பிய வேலை உடுப்பை அம்மா என் தோளில் வைத்துப் பார்த்து, "எந்த பீமனை அளவெடுத்தானோ" என்று எழுந்துபோய்ப் பிடித்துத் தைத்தாள். திரும்பி வந்து அந்த ஆட்டத்தையும் ஜெயித்தாள்.

மார்ச் 14, வெள்ளி

வாசலில் யாரும் அழவில்லை. டாக்ஸி தெருமுனை திரும்பிய பிறகு நான் அழுதேன்.

ஏப்ரல் 2, புதன்

கப்பலில் பத்தொன்பது நாள். முதல் வாரம் சூட்டிலும் சத்தத்திலும் தலை சுற்றியது. நேற்று எண்ணெய் பம்ப் ஒன்றைத் தனியாகப் பிரித்து மாட்டினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதைச் சொல்லத்தான் இன்று வேலைக்கு இறங்கும் முன் வீட்டுக்குக் கூப்பிட்டேன். அப்பா எடுத்தார்.

"அம்மா குளத்துக்குப் போயிருக்காம்மா. தையல் கடைலேர்ந்து நாலு பேரைச் சேத்துவிட்டிருக்கா. எல்லாருக்கும் உடுப்பு இவ தையல். நான்தான் துண்டுக்காரன், இன்னிக்கு ஜலதோஷம்னு லீவு. ரெண்டு மணி நேரம் கழிச்சுக் கூப்பிடேன்."

"அப்ப எனக்கு டியூட்டிப்பா."

"சரி, நாளைக்குப் பேசு."

ஃபோனை வைத்தேன். பக்கத்தில் நின்ற இரண்டாம் எஞ்சினியர், "வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

"நல்லா இருக்காங்க சார். என்கிட்ட பேச நேரமில்ல" என்றேன்.