மெயின் போட்டபடியே இருக்கிறது

அன்பு மகளுக்கு,

வீட்டுக் கம்ப்யூட்டர் தினமும் காலை எட்டு மணிக்குத் தொடர்பு அறுந்துபோகிறது, சென்னையிலிருந்து உன்னால் அதற்குள் நுழைய முடியவில்லை, ஃபைல்கள் கிளவுடில் பாதி ஏறி நின்றுவிடுகின்றன என்று அம்மாவிடம் சொன்னாயாம். என்னிடமே சொல்லியிருக்கலாம். சரி, போகட்டும்.

நெட்காரரை வரவழைத்தேன். மோடத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணாச்சி, பெட்டியில ஒரு கோளாறும் இல்ல. வேலைக்குப் போகும்போது நீங்கதான மெயின் சுவிட்ச அமத்திட்டுப் போறீக?"

உண்மைதான். பட்டாசுக் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக ஃபோர்மேன். கரண்டை அமர்த்தாமல் எந்தக் கதவையும் பூட்டிப் பழக்கமில்லை. அம்மாவும் பள்ளிக்கூடம் போய்விட்டால் வீட்டில் யாருக்குக் கரண்ட் என்று நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை மெயினை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். வேன் நாரணாபுரம் தாண்டும்வரை வீட்டுப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் திரும்பி வந்தால், திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்துகொண்டிருந்தது. நீதான் என்று புரிந்தது. சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். மவுஸைத் தொடவில்லை.

திரையில் திறந்திருந்தது உன் கல்யாணப் பத்திரிகை. அம்மா பெயர் இருந்தது. அதற்கு மேலே, என் பெயர் வரவேண்டிய இடம் காலி. அம்புக்குறி அங்கே வெகுநேரம் நின்றது. பிறகு எதுவும் அடிக்காமல் போய்விட்டது.

என் பெயரைப் போடக்கூடாது என்று வைகாசியில் கத்தியவன் நான்தான்.

போட்டுக்கொள், இனிஷியலோடு. எழுத்து கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும். நாளைக்கும் மெயினை அமர்த்த மாட்டேன்.

அப்பா