பச்சை விளக்கின் மேல் பொட்டு

வெள்ளி. ஆயுத பூஜைக்கு மறுநாள்.

விடியலில் படகெடுத்துப் போன என் தம்பி மணியம் மதியமாகியும் எங்கள் மீனவ ஊரான தஞ்சோங் டாவாய்க்குத் திரும்பவில்லை. கைப்பேசியும் கிடைக்கவில்லை. படகுகள் தாம் இருக்கும் இடத்தைச் சொல்லி அனுப்பும் சமிக்ஞையைப் பிடிக்கும் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது. ஏதாவது படகு பேசினால் அதில் பச்சை விளக்கு மினுக்கும். எந்தப் படகு என்று காட்டும் கணினி பழுதுபார்க்கப் போயிருக்கிறது.

இன்று விளக்கு மினுக்கவே இல்லை. இரண்டு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடலே காலியாகிவிட்டதா? பிறகுதான் தெரிந்தது, நேற்று பூஜையில் என் மனைவி கமலா சந்தனமும் குங்குமமும் அப்பியது அந்த விளக்கின் மேல்தான். துடைத்ததும் விடாமல் மினுக்கியது.

“பாத்தீங்களா? தம்பி நல்லாத்தான் இருக்காரு” என்றாள் கமலா. நானும் நம்பிச் சோறு சாப்பிட்டேன்.

மாலை ஆறு மணிக்கு வந்த மணியத்திடம் இதைச் சொன்னேன்.

“போட்ல சிக்னல் அனுப்புற மெஷின காலையிலயே ஆஃப் பண்ணிட்டேன் அண்ணே. நம்ம மீன் எடத்த மத்தவன் பாத்துருவான்லா!”

ஆக, அவன் படகைத் தவிர எல்லாப் படகுகளும் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கின்றன. கமலா மறுபடி பொட்டு வைத்துவிட்டாள், விளக்குக்குச் சற்றுத் தள்ளி. நாளையும் அவன் கடலுக்குப் போகிறான். நாளையும் நான் அந்த விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.