வீட்டுக்கு வராத சட்டை

ஏனுங்க பூக்காரரே,

உங்க சட்டை இன்னிக்குத்தான் வீட்டுக்கு வந்தது. இலைக்கடை மாதப்பா கொண்டு வந்தார். மார்க்கெட்டில் உங்க பக்கத்துக் கடையில் வாழையிலை அடுக்கி வைத்துக்கொண்டு, உங்களோடு நாள் முழுக்க வம்பு பேசுவாரே, அவர்தான். உங்க கடையை வேற ஆளுக்கு விட்டாச்சாம். சுவத்து ஆணியில் தொங்கினதை எடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார். படி ஏறவில்லை. கையை மட்டும் நீட்டி, கன்னடம் பாதி தமிழ் பாதியாக, "தகோளி அக்கா, வாங்கிக்கங்க. ஆனா பிரிக்காதீங்க. பிரிச்சு உங்களுக்குத் தலைவலி வந்தா அவன் என்னைக் கொன்னுருவான்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

பை எனக்கு முன்னால் இருக்கிறது. முடிச்சு போட்டபடியே இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எழுதி என்ன, உங்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஹனூர்ப் பள்ளிக்கூடத்தில் உங்களுக்குக் கன்னடம்தான். தாளவாடியில் அஞ்சாவது வரைக்கும் போன எனக்குத் தமிழ்தான். மளிகைச் சீட்டு எழுதினாக்கூட, "படிச்சுச் சொல்லு அம்மிணி, கோழி கிளறின மாதிரி இருக்குது" என்பீங்க. இதையும் நான்தான் படிச்சுச் சொல்லணும்.

கல்யாணமாகி மைசூருக்கு வந்த புதுசில் இந்த வீட்டுக்குள் நுழைஞ்சாலே மல்லிகை வாசம். மத்தியானம் கூடை வந்து இறங்கும். ஈரத்துணியை விலக்கி, மொட்டைப் பாயில் கொட்டி, நானும் உங்க அக்காவும் கட்ட உட்காருவோம். எங்க ஊரில் பூவை முழம் போட்டு விற்பாங்க, இங்கே மாரு. ரெண்டு கையையும் விரிச்சு நெஞ்சுக்குக் குறுக்கே அளக்கணும். என் கை குட்டை. "உன்ற மாரில் அளந்து வித்தா பூ மிச்சம், எனக்கு நாலு பங்கு லாபம்" என்று சிரிப்பீங்க. கட்டி முடிச்சதும் முதல் துண்டு என் தலைக்கு. எனக்கு மல்லிகை என்றால் உசுரு. அதுதான் இதில் பெரிய கொடுமை.

தலைவலி எனக்குப் பழசுதான். வெயிலில் களை எடுத்த அன்னிக்கு எப்பவாவது வரும். இங்கே வந்தப்புறம் வாரத்தில் பாதி நாள் படுக்க வைத்தது. முதலில் கண் ஓரத்தில் வெள்ளித்தாள் மின்னுற மாதிரி ஒரு நெளிவு. கொஞ்ச நேரத்தில் இடது பொட்டுக்குள் உட்கார்ந்து யாரோ உலக்கை போடுவாங்க. வெளிச்சம் ஆகாது, பேச்சுச் சத்தம் ஆகாது, குடிச்ச தண்ணி வயித்தில் நிக்காது. மூலையில் சேலையை முகத்தில் மூடிக் கிடப்பேன்.

"பூக் கட்டற நேரம் பார்த்துத்தான் மகாராணிக்குத் தலை வலிக்குது" என்பாங்க உங்க அக்கா. யோசிச்சுப் பார்த்தால், காரணத்தை முதன்முதலில் சொன்னதே அவங்கதான். ஏச்சாக வந்ததால் நம்ம ரெண்டு பேர் காதிலும் ஏறவில்லை.

நீங்க விடவில்லை. கண்ணு கெட்டிருக்கும் என்று யாரோ சொன்னதும் கண்ணாடி வாங்கிக் கொடுத்தீங்க. அதை மாட்டினதும், "வாத்தியாரம்மா, வணக்கம்" என்று கையைக் கட்டி நின்னீங்க. வலி குறையவில்லை, உங்க வணக்கம் மட்டும் தினமும் நடந்தது. தலையில் நீர் கோத்திருக்கு என்றாங்க. ஊசியில் மிளகைக் குத்தி விளக்கில் சுட்டு, புகையை இழுக்கச் சொன்னீங்க. நான் இழுத்தேன், நீங்க தும்மினீங்க. சுக்கு அரைச்சுப் பத்துப் போட்டு நெத்தித் தோல் வெந்தது. ஒரு நாள் மாதேஸ்வரன் மலைக்குப் போறேன் என்று கிளம்பினவர், மொட்டையடிச்சுக்கிட்டு வந்து நின்னீங்க. "தலைவலி எனக்கு, மொட்டை உங்களுக்கா?" என்று கேட்டேன். "சாமிக்கு எந்தத் தலைன்னு குழப்பம் வந்தாலும் வரட்டும், ஒண்ணுதானே குடும்பம்" என்றீங்க. வலியோடு வலியாய்ச் சிரிச்சு, அதுக்கும் சேர்த்து வாந்தி எடுத்தேன்.

இதில் எதுவும் உதவாத நாளில் நீங்க செய்யறது ஒண்ணு உண்டு. நல்ல பருத்த மொட்டாகப் பார்த்து, கடையில் விற்கிறதைவிட நெருக்கமாகக் கட்டி எடுத்து வந்து என் தலைமாட்டில் வைப்பீங்க. என் மனசு குளிரட்டும் என்று. அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து உங்க உள்ளங்கையை என் நெத்தியில் வைப்பீங்க. அந்தக் கையே ஒரு பூக்கூடை. வைத்த கொஞ்ச நேரத்தில் வலி இன்னும் ஏறும். ஆனாலும் கையை எடுக்காதீங்க என்பேன்.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா அவசரப்படாமல் கேட்டாங்க. இது ஒத்தைத் தலைவலி, ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்ணு கிளப்பிவிடும் என்றாங்க. பட்டினி, தூக்கம் கெடறது, வெயில், மாசத் தீட்டு, வாசனை. மெடிக்கல் கடையில் வாங்கி நினைச்சபோதெல்லாம் மாத்திரை போட்டால், அதுவே வலியைப் பழக்கமாக்கிடும் என்று கண்டிச்சாங்க. வலி வந்தால் அதுக்கு முந்தி என்ன நடந்தது என்று திரும்பிப் பார்க்கச் சொன்னாங்க.

"ஏதாச்சும் வாசனை ஆகாதாம்மா? சென்ட்டு, ஊதுபத்தி, பெட்ரோல்?"

நீங்க முந்திக்கொண்டு, "நம்ம வீட்டில் அதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க மேடம்" என்றீங்க. நானும் தலையாட்டினேன். பொய் இல்லை. மல்லிகையை ஒரு வாசனை என்றே நமக்குத் தோணவில்லை. அது நம்ம வீட்டுக் காத்து.

நேரத்துக்குச் சாப்பிட்டேன், நேரத்துக்குப் படுத்தேன். கொஞ்சம் குறைஞ்சது. ஆனாலும் விடவில்லை.

அப்புறம்தான் நீங்க மார்க்கெட்டில் ஈரக் கல்லில் வழுக்கிக் காலை உடைச்சுக்கிட்டீங்க. மாவுக்கட்டோடு நீங்க பாயில். கூடை வரவில்லை. நான் ஹாஸ்டலுக்குச் சப்பாத்தி தேய்க்கப் போனேன். விடியறதுக்கு முன்னால் போய், அடுப்புச் சூட்டில் நின்னு, நினைச்ச நேரத்துக்குத் தின்னு, தூங்கியும் தூங்காமலும் ஓடினேன். டாக்டரம்மா கூடாது என்று சொன்னது அத்தனையும் நடந்தது. வலி மட்டும் வரவில்லை. இருந்த ஓட்டத்தில் எனக்கு அது தெரியவே இல்லை. படுத்துக்கிடந்த நீங்கதான், "அம்மிணி, நீ மூலையில படுத்து ரொம்ப நாளாச்சு போல?" என்றீங்க. "படுக்கிற இடத்தைத்தான் நீங்க பிடிச்சுக்கிட்டீங்களே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

கால் சரியாகி நீங்க மறுபடி கடைக்குப் போன முதல் நாள் எனக்கு மறக்காது. சந்தோஷமாக வந்தீங்க. நீங்களே என் தலையில் பூ வைத்தீங்க. விளக்கேத்தறதுக்குள் கண் ஓரத்தில் வெள்ளித்தாள் நெளிஞ்சது. சேலையை மூடிப் படுத்தேன். வழக்கம் போலப் பக்கத்தில் உட்கார்ந்து நெத்தியில் கை வைத்தீங்க. அப்புறம் என்ன தோணுச்சோ, கையை எடுத்தீங்க. சேலை இடுக்கு வழியே பார்த்தேன். உங்க உள்ளங்கையை நீங்களே மோந்து பார்த்துக்கிட்டு இருந்தீங்க.

"நாந்தானா அம்மிணி?"

"நீங்க இல்லீங்க. பூவு."

"நானு வேற, பூவு வேறயா?"

எழுந்து போய் வாசல்படியில் உட்கார்ந்தவர், நான் கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

மறுநாள் தலை ஈரமாக, வேற சட்டையில் வந்தீங்க. மார்க்கெட் குழாயில் பயத்தமாவு தேய்ச்சுக் குளிச்சிருக்கீங்க. சோப்பு வாசமும் ஆகாமல் போயிட்டால் என்ன பண்றது என்று. பூ விற்கிற சட்டையைக் கடை ஆணியிலேயே மாட்டிவிட்டு வந்தாச்சு. கையில் ஒரு இலைப் பொட்டலம். பிரிச்சால் கனகாம்பரம்.

"மோந்து பாரு, ஒண்ணுமே இருக்காது. உன்னை மாதிரியே, சத்தமில்லாத பூவு."

பூக் கட்டறது உங்க அக்கா வீட்டுக்குப் போயிற்று. "கொண்டா, நானே கட்டறேன். மகாராணி தலை வலிக்காமல் இருக்கட்டும்" என்றாங்க. ஏச்சு மாறவில்லை. ஆனால் நம்ம வீட்டுக்கு வரும்போது தலையில் இருக்கிற மல்லிகையை எடுத்து வெளியே மாடத்தில் வைத்துவிட்டு வருவாங்க, போகும்போது எடுத்து வைத்துக்கொள்வாங்க. அதை அவங்களும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

வலி முழுசாகப் போகவில்லை. பட்டினி கிடந்தால் வரும், வெயிலில் நின்னால் வரும். ஆனால் எப்பவோ ஒரு தரம். தசராவில் ஊரே பூவாக இருக்கும்போது, கடைவீதியை விட்டு, பூ வாசம் இல்லாத சந்து சந்தாக என்னைச் சுத்திக் கூட்டிப் போவீங்க. "பூக்காரன் பொண்டாட்டிக்கு மல்லிகை இல்லையா?" என்று யாராவது கேட்டால், "எம்பொண்டாட்டிக்கு அது மட்டம், அவளுக்குக் கனகாம்பரந்தான் சேரும்" என்பீங்க. எத்தனை மார்கழி அந்தக் குழாய்த் தண்ணியில் நனைஞ்சு நடுங்கிக்கொண்டு வந்தீங்க. "குளிருதுங்களா?" என்றால், "மைசூர்க்காரனுக்குக் குளிரா?" என்பீங்க. பல்லு மட்டும் தந்தி அடிக்கும்.

தை மாசம் ஒரு காலையில், கூடையை இறக்கும்போதே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தீங்களாம். உங்களைக் கொண்டு வந்து கிடத்தின கொஞ்ச நேரத்தில், மார்க்கெட்டே திரண்டு ஆட்டோ நிறைய மல்லிகையோடு வந்தது. உங்க அக்கா எழுந்து போய், மாரு அளக்கிற மாதிரி ரெண்டு கையையும் விரிச்சு வாசலை மறிச்சாங்க.

"பூவெல்லாம் தெரு முனையிலயே இருக்கட்டும்."

"என்னக்கா பேசுறீங்க? பூக்காரன் சாவுக்கு மல்லிகை இல்லாமலா?" என்று மாதப்பா அழுதார்.

"உசுரோட இருந்தப்ப அவன் உள்ளே கொண்டாராததை, செத்தப்புறம் நான் விட்டுருவனா? அவ எந்திரிச்சு உக்காந்து அவனைப் பார்க்க வேண்டாமா? கனகாம்பரம் இருந்தா கொண்டாங்க."

தேடி வாங்கி வந்தாங்க. எனக்குக் கடைசியாக வைக்கிற பூவை அவங்கதான் வைத்தாங்க, கனகாம்பரம். வலியில்லாத கண்ணால் உங்களைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். தெருமுனை தாண்டினப்புறம்தான் உங்களுக்கு மல்லிகை போட்டாங்களாம். அத்தனை பூவையும் போட்டாங்களாம். நான் பார்க்கவில்லை.

முன்வாசலில் பெயின்ட் டப்பாவில் வைத்த கனகாம்பரச் செடி பூக்கிறது. பறிச்சு உங்க போட்டோவுக்கு வைக்கிறேன். பசிக்கு முன்னால் சாப்பிடுகிறேன். வெயிலில் முக்காடு போடுகிறேன். நீங்க பழக்கினதை எதையும் விடவில்லை.

இந்த இடத்தில் எழுதறதை நிறுத்திவிட்டு முடிச்சைப் பிரிச்சிட்டேன், பூக்காரரே. திட்டாதீங்க.

நீலக்கட்டம் போட்ட சட்டை. காலரில் அழுக்கு. சட்டைப் பையில் வாழைநார் ஒரு சுருள். முகத்தை உள்ளே வைத்தேன். காய்ந்த மல்லிகையும் உங்க வேர்வையும் ஈர நாரும். நான் கட்டிக்கிட்டு வந்த அந்த ஆளுடைய வாசம். இத்தனை வருஷமாக மார்க்கெட்டில் ஆணியில் மாட்டிவிட்டு, பாதி ஆளாகத்தான் என்கிட்ட வந்திருக்கீங்க. மிச்சப் பாதி இன்னிக்கு வந்திருக்குது.

கண் ஓரத்தில் வெள்ளித்தாள் நெளிய ஆரம்பிச்சாச்சு. எழுத்து கோணலாகப் போகுது. டாக்டரம்மா கொடுத்த மாத்திரையைப் போட்டு, ஜன்னலைச் சாத்திட்டேன். சாமராஜநகரில் கட்டிக் கொடுத்த நம்ம மக போன் பண்ணினா. சட்டை வந்ததைச் சொன்னேன். "அம்மா, அதைத் தொவைச்சு வெச்சிரும்மா. உனக்கு ஆகாது. சட்டை இருக்குமல்ல" என்றா. சட்டை இருக்கும்.

வாளியில் தண்ணி பிடிச்சு வைத்திருக்கிறேன். பயத்தமாவும் எடுத்து வைத்தாச்சு. மடியில் சட்டை.

சொல்லுங்க, தொவைக்கட்டுங்களா?