அடிக்கச் சொன்ன பத்தி

அம்மாவுக்கு மகள் புவவனின் வணக்கம். நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

இன்று காலை தெருக்கம்பத்து அரசு ஒலிபெருக்கி, "பொருளாதாரம் சீராக உள்ளது" என்று அறிவித்தது. தெருக்கடையில் உரலில் பப்பாளிக்காய் சாலட் இடிக்கும் சந்தலா அத்தை நிமிர்ந்து பார்த்து, "அப்போ நீயே இறங்கி வந்து எனக்கு எலுமிச்சம்பழம் வாங்கிக் குடு!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தோம்.

பள்ளியில் 'நம் ஆறுகளின் செல்வம்' என்று கட்டுரைப் போட்டி. வென்றால் ஓராண்டு விடுதிச் செலவு இலவசம். அணை கட்டிய கடன் நம் தலையில், மின்சாரம் தாய்லாந்துக்கு, நம் மின்கட்டணமோ ஏறுகிறது, இது என்ன நியாயம் என்று எழுதினேன்.

அதைப் படித்த டீச்சர் கதவைச் சாத்தினார். "எல்லாம் உண்மைதான் கண்ணு. அந்தப் பத்தியை மட்டும் அடிச்சிடு."

"உண்மைன்னா ஏன் அடிக்கணும், டீச்சர்?"

"எனக்கும்தான் சம்பளம் பத்தலை. நான் கத்துறேனா?"

நான் அடிக்கவில்லை. அணைகளுக்கு நன்றி சொன்ன பெண்ணுக்குப் பரிசு போனது. கவலைப்படாதீர்கள், யாரும் என்னைத் திட்டவில்லை. விடுதிச் செலவுக்காகச் சனிக்கிழமைகளில் அத்தை கடையில் இடிக்கப் போகிறேன். ஆனால் கோபம் மட்டும் ஆறவில்லை, அம்மா.

பஸ்ஸில் கொஞ்சம் மிளகாய்த் துவையல் அனுப்புங்கள். உங்கள் பழைய சால்வையையும் துவைக்காமல் அனுப்புங்கள். மெழுகுவத்தியும் வேண்டும். மின்கட்டணம் கட்டுப்படியாகாததால் இனி எட்டு மணிக்கே விடுதி இருட்டாம். வார்டன் சுவிட்சருகே வந்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே, மேக்கோங் ஆற்றின் அக்கரையில் தாய்லாந்து பளிச்சென்று எரிகிறது.

கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். விளக்கை அணைத்துவிட்டார்கள்.

புவவன்