கத்தல் பட்டியல்

பிப்ரவரி 9

இன்றைக்கு எனக்கு ஒரு படையே கிடைத்திருக்கிறது. மூவாயிரம் பேர்.

இருபத்திரண்டு வருடமாக மைக் முன்னால் நிற்கிறேன். இதுவரை நான் யார்? பற்பசை விளம்பரத்தில் சிரிக்கும் அம்மா. கார்ட்டூனில் அணில், அணிலின் தங்கச்சி, ஒருமுறை பேசும் கத்தரிக்காய். சீரியலில் கதாநாயகியின் காதில் எதையாவது ஓதிவிட்டுப் போகும் பக்கத்து வீட்டுக்காரி. இப்போது தளபதி! துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம். நூறு வருடம் கழித்து நடக்கிறதாம். ஆறெல்லாம் வற்றி, மிச்சமிருக்கும் ஒரே நன்னீர் ஏரிக்காக நாடுகள் அடித்துக்கொள்கின்றன. அந்த ஏரியைக் காக்கும் படைக்கு நான் தலைவி. விளையாடுகிறவன் என் சிப்பாய். நான் சொன்னால் ஓடுவான், சுடுவான், சாவான்.

மகளிடம் சொன்னேன். பதின்மூன்று வயது, வீட்டில் அவளுக்குப் பெயர் பெரிய மனுஷி. "நீயா? எங்க, ஒரு ஆர்டர் போடு பாப்போம்" என்றாள்.

"போய் உன் துணியை மடிச்சு வை!"

"போம்மா, அணில் மாதிரியே இருக்கு."

திமிர். இவர் லிஃப்ட் மெக்கானிக், வாயில் இருந்து வார்த்தையை ஸ்பானர் போட்டுத்தான் கழற்ற வேண்டும். அவரே வாய் திறந்து, "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீ தளபதிதானே, புதுசா என்ன?" என்றார். சிரிப்பு வந்துவிட்டது.

பிப்ரவரி 12

முதல் பதிவு. குளியலறை அளவு அறை, சுவரெல்லாம் பஞ்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டு என்ஜினியரும் இயக்குநரும். இயக்குநர் காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும், ஆளும் ஏறக்குறைய அதே தடிமன். அதனால் எங்களுக்குள் அவர் பென்சில்தான்.

கதை என்று எதுவும் கையில் தரவில்லை. துண்டு துண்டாக ஆயிரத்து எண்ணூறு வரிகள். 'வலப்பக்கம்!' 'தலையைக் குனி!' 'குழாயை விடாதே!' ஒவ்வொன்றும் மூன்று விதமாக: மெதுவாக, சாதாரணமாக, கத்தி. அது போக, கத்தல் பட்டியல் தனித் தாள். தோளில் குண்டு. கழுத்தில் கத்தி. அணையிலிருந்து விழுதல். விஷப்புகை. தீ. வசனம் கிடையாது, வெறும் அலறல்.

அந்தத் தாளை எப்போதும் கடைசி நாள், கடைசி மணி நேரத்தில்தான் எடுப்போம். கத்தி முடித்த தொண்டையோடு நேரே வீட்டுக்குப் போய், நான்கு நாள் சும்மா இருக்க வேண்டும். புதிதாக வருகிற பெண்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்.

பிப்ரவரி 13

'சுடு!' மட்டும் தொண்ணூறு தடவை. வீட்டுக்கு வந்து அதே குரலில் உப்பு கேட்டிருக்கிறேன் போல. இவர் இரண்டு கையாலும் கொடுத்தார்.

பிப்ரவரி 17

என்ன காரியம் செய்தேன் இன்றைக்கு?

காலை பத்து மணிக்கு விளையாட்டுக் கம்பெனியின் பெரிய தலைகள் நான்கு பேர் வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். இருபது நிமிடம் 'மேலே வா', 'கீழே படு' கேட்டார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். என் தளபதியைப் பார்த்துக் கொட்டாவி! இன்னொருவர் பென்சிலிடம், "அந்தச் சாகுற சத்தமெல்லாம் எடுப்பீங்கள்ல, அதுல ஒண்ணு ரெண்டு கேக்கலாமா?" என்றார். பென்சில் மழுப்பினார். "அது கடைசி நாள்தான் சார் எடுப்போம்..." சவுண்டு என்ஜினியர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். பார்த்துவிட்டு மைக்கில் சொன்னேன்: "எனக்கென்ன, இப்பவே எடுக்கலாமே."

யார் கேட்டார்கள் என்னை? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் என்ன?

பதின்மூன்று தடவை அணையிலிருந்து விழுந்தேன். ஆறு தடவை எரிந்தேன். கொட்டாவி விட்டவர் எழுந்து நின்றே கேட்டார். கைதட்டினார்கள். உச்சி குளிர்ந்துபோய் நின்றேன். ஆறாவது தீயில் தொண்டைக்குள் ஏதோ சுரீர் என்றது. பொருட்படுத்தவில்லை. அதோடு வீட்டுக்கு வந்திருந்தாலாவது பிழைத்திருப்பேன். அறை சாயங்காலம் வரை நமக்குத்தானே என்று மதியம் மறுபடி நின்று நான்கு மணி நேரம் போர்க்களத்தில் கத்தினேன்.

போகும்போது என்ஜினியர் சொன்னார்: "அக்கா, நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

பிப்ரவரி 18

குரல் கரகரப்பு. பென்சிலுக்குத் தலைகால் புரியவில்லை. "இதாங்க! இதான் போர்ல அடிபட்ட குரல்!" நானும் இளித்துக்கொண்டு நின்றேன்.

பிப்ரவரி 20

இரண்டே நாளில் பென்சிலின் உற்சாகம் வடிந்துவிட்டது. முதல் வாரத்து வரிகளையும் இந்த வாரத்து வரிகளையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினார். முந்தையது தளபதி. இது தளபதியின் பெரியம்மா. "கொஞ்சம் தெளிவா வருமா பாருங்களேன்" என்றார். தெளிவாக வர அழுத்தினேன். அழுத்த அழுத்த வலி காது வரை ஏறியது.

மதியம் தொண்டை டாக்டர். மூக்கு வழியே ஒரு குழாயை விட்டுத் திரையில் காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு. "குரல் நாண்ல ரத்தம் கசிஞ்சிருக்கும்மா. ரெண்டு வாரம் வாயே திறக்கக் கூடாது. கிசுகிசுன்னு கூடப் பேசாதீங்க, அது இன்னும் மோசம். மீறிப் பேசினா தழும்பாயிடும். என்ன வேலை பாக்குறீங்க?"

"தளபதி" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 21

ஒரு நாள் வேலைதான் பாக்கி. ஐம்பது வரிகளும் அணையின் மேல் நின்று பேசும் கடைசி உரையும். நான் நின்றுவிட்டால் பாதிக் குரலை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? தளபதிக்கு ஒரே குரல்தான் இருக்க முடியும். மொத்தத்தையும் அழித்துவிட்டு வேறு ஆளை வைத்து முதலிலிருந்து எடுப்பார்கள். குரல் தேர்வுக்கு வந்துபோன ஒரு சின்னப் பெண் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நல்ல குரல். அதுதான் எரிச்சல்.

இவரிடம் சைகையில் தொடங்கி, முடியாமல் பேசியே விட்டேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "லிஃப்ட்ல ஒரு கயிறு நைஞ்சிருந்தா பூட்டிட்டு வந்துடுவோம். பத்தாவது மாடியில எவன் நின்னாலும் சரி."

"இது லிஃப்ட் இல்ல. இருபத்திரண்டு வருஷம். ஒரு தடவை. ஒரே ஒரு தடவை எனக்குன்னு ஒண்ணு வந்திருக்கு."

பெரிய மனுஷி அறைக்குள்ளிருந்து கத்தினாள்: "ஒரு கேமுக்காகவா? யாராவது அதுக்காகப் போய் தொண்டையைக் கெடுத்துப்பாங்களாம்மா?" அவள் கேட்டது சரி. சரியாகக் கேட்டதால்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. 'அணிலாவே செத்துப் போறேன், உனக்கு சந்தோஷம்தானே' என்று சொல்லிவிட்டேன். அம்மாவா நான்? ச்சே.

பிப்ரவரி 23

போனேன். டாக்டர் சொன்னதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. வெந்நீர், ஆவி, அதிமதுரம், வலி மாத்திரை. ஐம்பது வரிகளும் வந்தன.

உரையும் வந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை, முதல் நாள் குரல் அப்படியே வந்தது. 'இந்தத் தண்ணீருக்கு நம்மைத் தெரியாது. நம் பிள்ளைகளின் தாகத்துக்குத்தான் தெரியும்' என்று ஆரம்பிக்கும். எழுதியவன் புண்ணியவான். முடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்ஜினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பென்சில் பொத்தானை அழுத்திச் சொன்னார்: "பிரமாதம்க்கா. சேஃப்டிக்கு இன்னொண்ணு எடுத்துக்கலாமா?"

எல்லோரும் எப்போதும் கேட்பதுதான். எவ்வளவு நன்றாக வந்தாலும் பாதுகாப்புக்கு ஒன்று. நான் ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை. இன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வரியில், 'பிள்ளைகளின்' என்ற இடத்தில், சத்தம் நின்றுவிட்டது. வாய் அசைகிறது. காற்று வருகிறது. குரல் இல்லை.

முதலில் எடுத்ததையே வைத்துக்கொண்டார்கள்.

பிப்ரவரி 24

பயமாக இருக்கிறது.

மார்ச் 8

வீட்டில் சிலேட்டு வைத்திருக்கிறோம். இவருக்கு என் பேச்சை விட எழுத்து நீளம் என்று குறை. பெரிய மனுஷியோ நான் எழுதியதில் பிழை திருத்துகிறாள். காலையில் அவளைக் கத்தி எழுப்ப முடியாமல் கால் விரலைப் பிடித்து இழுத்தேன். எழுந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாள். "திட்டேன், ஒரு தடவை" என்றாள். சிலேட்டில் 'எருமை' என்று எழுதிக் காட்டினேன். சிரிக்கவில்லை அவள்.

ஏப்ரல் 2

அறுவை முடிந்தது. கட்டி மாதிரி உறைந்திருந்ததை எடுத்துவிட்டார்கள். தழும்பை எடுக்க முடியாதாம்.

ஏப்ரல் 20

டாக்டர் முன்னால் முதல் வார்த்தை. 'ஆ' சொல்லச் சொன்னார். சொன்னேன். தகரத்தை இழுத்தாற்போல் ஒன்று வந்தது. இன்னும் தேறும் என்றார். எவ்வளவு என்று கேட்டேன். "பேசறதுக்குத் தாராளமாப் போதும்மா."

பேசுவதற்குப் போதும். வழியெல்லாம் அழுதேன். அழுகைக்குக்கூட சத்தம் சரியாக வரவில்லை.

மே 27

கடையில், பேருந்தில், பள்ளிக்கூடத்தில், எங்கே வாயைத் திறந்தாலும் ஒரே கேள்வி: "சளியா?" இன்று மருந்துக் கடைக்காரர் இஞ்சி கஷாயத்துக்குச் செய்முறையே சொல்லிவிட்டார். ஆமாம் என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கதை சொல்லவா முடியும்?

ஜூன் 15

பென்சில் கூப்பிட்டிருந்தார். பற்பசைக்காரர்களுக்குப் புதிய விளம்பரம். பதினொரு வருடமாக அந்த அம்மா நான்தான். மைக் முன்னால் நின்று, 'வாங்க செல்லங்களா, பல் தேய்க்கலாம்' என்றேன். யாரும் இன்னொரு தடவை கேட்கவில்லை. அதில் தெரிந்துகொண்டேன்.

பென்சில் வெளியே வந்து, காதிலிருந்த பென்சிலைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே நின்றார். "டாக்டர்கிட்ட போயிருந்தீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. நான் கேட்டிருக்கவே மாட்டேனே." அவர் மேல் பழி போடலாம் என்று வீடு வரை முயன்று பார்த்தேன். ஒட்டவில்லை. தலை ஆட்டியவரையும் பார்த்தேன், டாக்டர் காட்டியதையும் பார்த்தேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 3

ஸ்டுடியோவில் வேறு வேலை தந்திருக்கிறார்கள். பிறர் பேசும்போது தாளைப் பார்த்து, விட்டுப்போன சொல்லைக் குறித்துக்கொடுப்பது. இன்று அணிலுக்கு அந்தச் சின்னப் பெண் வந்தாள். காலில் விழாத குறையாக மரியாதை. நன்றாகவே செய்தாள், பாவி. கத்தல் வரிகளைக் காலையிலேயே முடித்துவிடலாமே என்று அவளே கேட்டாள். தாளைப் பிடுங்கி அடியில் வைத்தேன். "வாயைத் திறந்தேன்னா கொன்னுடுவேன்" என்றேன், இந்தக் குரலில். நடுங்கிவிட்டாள்.

அக்டோபர் 30

விளையாட்டு வெளிவந்துவிட்டது. தளபதியின் குரலைப் பற்றி எங்கெங்கோ எழுதுகிறார்களாம். இவர் படித்துக் காட்ட வந்தார். வேண்டாம் என்றேன்.

நவம்பர் 15

ஞாயிறு. மதியம்.

கம்பெனி அனுப்பிய பிரதியை நான் அலமாரியில் போட்டுப் பூட்டாத குறையாக வைத்திருந்தேன். பெரிய மனுஷி எப்படியோ எடுத்து, விளையாடும் பெட்டியைத் தோழியிடம் இரவல் வாங்கி, கூடத்து டிவியில் மாட்டியிருக்கிறாள். அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்டது. குண்டுச் சத்தம் இல்லை. யாரோ மெதுவாகப் பேசுகிற சத்தம்.

எட்டிப் பார்த்தேன். ஏரிக்கரையில் ஒரு கூடாரம். தளபதி உட்கார்ந்திருக்கிறாள். எதிரே சிப்பாய், அதாவது என் மகள், சும்மா நிற்கிறாள். டிவிக்கு முன்னால் அவள் கையில் இருக்க வேண்டிய விளையாட்டுக் கருவி தரையில் கிடக்கிறது. முழங்காலைக் கட்டிக்கொண்டு திரையையே பார்க்கிறாள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. விளையாடுகிறவன் எதையும் அழுத்தாமல் நின்றால் தளபதி தானாகப் பேசுவதற்கென்று கொஞ்சம் வரிகள் உண்டு. முதல் நாள், தொண்டை சூடாவதற்காக எடுத்தவை. எடுத்ததையே மறந்திருந்தேன்.

'என்ன, நின்னுட்டே தூங்குறியா? சாப்பிட்டியா இல்லையா?'

இடைவெளி. தண்ணீர்ச் சத்தம்.

'என் குடுவையில ரெண்டு மடக்கு இருக்கு. எடுத்துக்கோ. நான் அப்புறம் குடிச்சுக்கிறேன்.'

தெளிவாக, வழவழவென்று, சிரிப்பு ஒளிந்திருக்கும் குரல். எவ்வளவு நல்ல குரல். நான் ஒருநாளும் அதை உட்கார்ந்து கேட்டதில்லை.

'பயமா இருக்கா? எனக்கும்தான். பக்கத்துலயே இரு.'

எல்லா வரியும் முடிந்து மறுபடி முதலிலிருந்து வந்தது. அவள் அசையவில்லை. எத்தனையாவது சுற்றோ.

"சாப்பிட வா" என்றேன்.

அவள் திரும்பாமலே கையை மட்டும் உயர்த்தினாள். "இரு அப்பா. அம்மா பேசிட்டிருக்கா."

இவர் குளித்துக்கொண்டிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் திரும்பிப் பார்ப்பாள். பார்த்தால் யாரை என்னவென்று கூப்பிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். வாயைத் திறக்காமல் அங்கேயே நின்றேன், அவள் அம்மா பேசி முடிக்கும் வரை.