நிழலில் நல்ல பிள்ளை

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் கார் காலை வாரிவிட்டது. ஆறாவது வீட்டு வாசல், பதினொன்றரை மணி. ஆய்வகத்துக்காக ரத்தம் எடுத்து, குழாய்களில் சீட்டு ஒட்டி, ஐஸ் பெட்டியைப் பின்சீட்டில் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. நான்கு கதவுகளையும் திறந்துபோட்டு நடைபாதையில் இருபத்தைந்து நிமிடம் நின்றேன். பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது.

பதினேழு வருஷத்து வண்டி. வயசாகிவிட்டது, தள்ளிவிடு என்கிறார்கள். எனக்கும் ஐம்பத்தொன்று ஆகிறது. அதையும் சேர்த்துத்தான் சொல்கிறார்களோ என்னவோ.

மார்ச் 6, வியாழன்

மெக்கானிக் புது பேட்டரி போட்டார், பிளக் மாற்றினார். "பத்து தடவை போட்டுப் பாத்துட்டேன் மேடம். பத்து தடவையும் டக்குனு பிடிக்குது. நீங்க எப்படி ஸ்டார்ட் பண்றீங்க?"

எப்படிப் பண்ணுவேன்? சாவியைத் திருப்பித்தான். ஆரத்தி எடுத்தா பண்ணுவேன்?

வீட்டுக்காரரிடம் சொன்னால் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "மிதிச்சு மிதிச்சு ஓவர்ஃப்ளோ பண்ணியிருப்ப" என்கிறார். இருபத்தாறு வருஷமாக எது கெட்டாலும் அது என் கைப்பக்குவத்தால்தான் கெடுகிறது.

மார்ச் 10, திங்கள்

இன்று நடந்ததை எழுதவே கை வரவில்லை.

நான் ரத்தம் எடுக்கும் மாடிவீட்டு அக்காவுக்குச் சிறுநீரகம் போய் மூன்று வருஷம். இடது கையை டயாலிசிஸுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள், அதைத் தொடக்கூடாது. மிச்சம் வலது கை ஒன்றுதான். அதிலும் நரம்பு கண்ணாமூச்சி ஆடும். போன செவ்வாய் எடுத்த ரத்தம் வண்டியோடு வெயிலில் மாட்டிக்கொண்டு, ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் வீணாகிவிட்டது. பொட்டாசியம் கன்னாபின்னாவென்று காட்டியது. திரும்ப எடுக்க வேண்டும் என்று இன்று நான்தான் போய்ச் சொன்னேன்.

அக்கா என்னையே பார்த்தார். "மறுபடியும் குத்தணுமா? உன் வண்டி நின்னதுக்கு நான் குத்து வாங்கணுமா?"

குத்தினேன். கீழே வந்து வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துச் சாவியைத் திருப்பினேன். பிடிக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

மேலாளர் கூப்பிட்டார். ஸ்கூட்டர் வைத்திருக்கும் புது டெக்னீஷியனிடம் நாளையிலிருந்து என் மூன்று வீடுகளைக் கொடுக்கிறாராம். மாடிவீட்டு அக்காவும் அதில் அடக்கம். மாதக் கடைசிக்குள் வண்டி சரியாகவில்லை என்றால் மிச்ச ஆறும் அவருக்குத்தான். இதைக் கடிதமாக எழுதி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிட்டார். "நீங்க பின்னறையில சீட்டு ஒட்டுற வேலை பாத்துக்கங்க மேடம். ஏசி இருக்கு, அலைச்சல் இல்ல."

பத்தொன்பது வருஷம் வீடு வீடாகப் போய், கை நடுங்குகிறவர்களையும் குழந்தைகளையும் பேச்சுக் கொடுத்துச் சிரிக்கவைத்து ரத்தம் எடுத்தவள் நான். என்னை ஒரு அறையில் பூட்டிச் சீட்டு ஒட்டச் சொல்கிறார். மாட்டேன்.

மார்ச் 12, புதன்

அழுகை போதும். நோயாளி "உடம்பு சரியில்லை" என்று சொன்னால் நாம் என்ன கேட்போம்? எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்போம். இந்த வண்டியிடம் அதை ஒருவரும் கேட்கவில்லை, நான் உள்பட. இன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் எழுதப்போகிறேன்.

7.10 பிடித்தது. 8.00 பிடித்தது. 9.05 பிடித்தது. 10.15 பிடித்தது. 11.20 இல்லை. 12.15 இல்லை.

மார்ச் 14, வெள்ளி

11.20 மரத்தடி. பிடித்தது. 12.10 வெட்டவெளி. இல்லை.

மார்ச் 17, திங்கள்

மேகமூட்டம். ஆறு வீடு, ஆறு தடவையும் பிடித்தது. இப்படி ஒரு சாதுவை ஏன் திட்டுகிறாய் என்று கேட்பதுபோல் நிற்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

யோசி. இன்ஜின் சூடுதான் காரணம் என்றால் மரத்தடியிலும் மக்கர் பண்ணியிருக்க வேண்டும். அங்கே நிறுத்தும்போதும் இன்ஜின் கொதித்துக்கொண்டுதானே இருந்தது? மரத்தடியில் சூடாகாதது வண்டியின் உள்பக்கம் மட்டும்தான். கதவைத் திறந்துபோட்டால் சரியாவதும் அதனால்தானா?

இன்னொன்று. ஓவர்ஃப்ளோ, அதாவது இன்ஜினுக்குள் பெட்ரோல் அதிகமாகிவிட்டது என்றால், பெட்ரோல் வாசனை மூக்கைத் துளைக்க வேண்டும். இன்று பிடிக்காதபோது பின்னால் போய்ப் புகைக்குழாயை முகர்ந்து பார்த்தேன். (எதிர்வீட்டுக்காரர் என்னை எப்படிப் பார்த்தார் என்பதை எழுதப்போவதில்லை.) வாசனையே இல்லை. பெட்ரோல் அதிகமாகவில்லை, வரவே இல்லை!

அப்புறம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். வழக்கமாகச் சாவியை முதல் கட்டத்துக்குத் திருப்பியதும் பின்சீட்டுக்கு அடியில் 'ஊம்' என்று இரண்டு விநாடி ஒரு சத்தம் வரும். பெட்ரோல் பம்ப். இன்று வெயிலில் அந்தச் சத்தம் இல்லை.

மார்ச் 20, வியாழன்

வண்டியோடு வந்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பம்புக்குக் கரண்ட் நேராகப் போவதில்லை. ரிலே என்று ஒரு சின்னப் பெட்டி வழியாகப் போகிறது. அது எங்கே இருக்கிறது? ஸ்டியரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டுக்குள். சூடாகிற அதே உள்பக்கம்.

இதை வீட்டுக்காரரிடம் சொல்லலாம் என்று போனால் இவர் முந்திக்கொண்டார். வண்டியை நாத்தனார் கணவருக்கு விற்றுவிடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்களாம். வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டேன். "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார். அதெல்லாம் இப்போதுதான்! என் பெயரில் இருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

12.05. வெட்டவெளி. ஊம் இல்லை. ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு ஐஸ் பையை எடுத்து, துணி சுற்றி, டேஷ்போர்டு மூடியைக் கழற்றி ரிலேமேல் வைத்து அழுத்திப் பிடித்தேன். ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்துவோமே, அந்தப் பிடி. நான்கு நிமிடம். சாவி.

ஊம்.

ஒரே திருப்பு! நடுத்தெருவில் நின்று கத்தினேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். சிரிக்கிறார். "ஐஸ் வச்சா ஓடுறதுக்கு அதுக்கு என்ன காய்ச்சலா?"

சரி. சிரிங்க.

மார்ச் 23, ஞாயிறு

இதை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன். காலை பத்தரை மணிக்கு, இவர் குளிக்கப் போனபோது, வண்டியைப் போர்டிகோவிலிருந்து எடுத்துத் தெருவில் வெயிலில் நிறுத்தினேன். கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு நாத்தனார் கணவர் வந்தார். உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்றுதான், தனக்குத் தெரியாது என்பது. "இந்த மாடலெல்லாம் பழக்குறவங்க கையில இருக்கு" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். சுற்றியது. பிடிக்கவில்லை. ஆறு தடவை. வியர்வை வழிய இறங்கினார்.

"தள்ளுங்க மாப்பிள்ளை" என்று இவர் உட்கார்ந்தார். சுற்றியது. சுற்றியது. இவர் முகம் சிவந்துவிட்டது. என்னைப் பார்த்து, "நான் ஒண்ணுமே பண்ணலையே! சாவியைத்தானே திருப்பினேன்?" என்றார்.

"மிதிச்சு மிதிச்சு ஓவர்ஃப்ளோ பண்ணியிருப்பீங்க" என்றேன்.

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிட்டாள். நான் ஃப்ரீசரிலிருந்து ஐஸ் பையைக் கொண்டுவந்து, இவர் முழங்காலைத் தள்ளிவிட்டு, ரிலேமேல் அழுத்தினேன். நான்கு நிமிடம். "இப்ப போடுங்க" என்றேன். பிடித்தது.

"வண்டி விக்கறதுக்கில்லண்ணா. சாப்பிட்டுட்டுப் போங்க" என்றேன்.

மாலையில் இவர் காபி போட்டுக்கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "அந்த ஐஸ் விஷயம் எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று மட்டும் கேட்டார். நோட்டைக் காட்டினேன், இந்தப் பக்கத்தைத் தவிர.

மார்ச் 25, செவ்வாய்

மெக்கானிக் ஷெட்டுக்கு மேலே மூன்று மாடி. உள்ளே குகை மாதிரி குளிர்ச்சி. அங்கே நின்றால் வண்டி என்ன, நான்கூட நல்ல பிள்ளையாகத்தான் இருப்பேன். "இங்க வேண்டாம், வெளியில வாங்க" என்று கூட்டிப்போய், வெயிலில் கண்ணாடியை ஏற்றி, என் பக்கத்திலேயே கால் மணி நேரம் உட்காரவைத்தேன். "மேடம், மூச்சு முட்டுது" என்றார். "முட்டட்டும்" என்றேன்.

சாவி. ஊம் இல்லை. ஐஸ். ஊம்.

அவர் சிரிக்கவில்லை. ரிலேயைக் கழற்றிப் பிரித்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, என்னையும் பார்க்கச் சொன்னார். ஈயப் பற்றில் மயிரிழை அளவு விரிசல். சூடானால் விலகும், ஆறினால் ஒட்டும். புது ரிலே போட்டுவிட்டு வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திப் பார்த்தோம். பிடித்தது.

"இதே மாடல் வச்சிருந்த இன்னொரு மேடமும் இப்படித்தான் சொன்னாங்க" என்றார் கையைத் துடைத்தபடி. "நானும் இப்படித்தான் நிழல்லயே வச்சுப் பாத்தேன். அவங்க வித்துட்டாங்க."

யாரோ அவள். நாள் முழுக்க அவள் நினைப்பாகவே இருந்தது.

மார்ச் 28, வெள்ளி

மேலாளர் மேஜையில் நோட்டை விரித்து வைத்தேன். நான்கு நாளாக ஒரு தடவைகூட நிற்கவில்லை. மேலோட்டமாகப் புரட்டினார். மாடிவீட்டு அக்கா தொலைபேசியில் சத்தம் போட்டாராம். புது ஆள் மூன்று இடத்தில் குத்தி, கை கன்றிப்போயிருக்கிறது.

"சரி, போனாப் போகுது. திங்கக்கிழமைலேந்து ஒன்பதையும் நீங்களே பாருங்க."

"போனாப் போகுதா? வண்டி நின்னப்ப கடிதம் எழுதி ஒட்டுனீங்களே, இதையும் எழுதி ஒட்டுங்க."

ஒட்டினார்.

மார்ச் 31, திங்கள்

ஒன்பது வீடு, ஒன்பது தடவையும் பிடித்தது.

மாடிவீட்டு அக்கா கடைசி. மூன்று வாரம் கழித்துப் போகிறேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று படியேறும்போது வார்த்தை தேடினேன். கதவு திறந்தே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது பக்கச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, கையைத் தலையணைமேல் நீட்டித் தயாராக வைத்திருந்தார்.