நான் பார்க்கவிடாத ஐந்து நிமிடம்

எங்கள் வீட்டு மகாராணியின் சமூகத்திற்கு,

நான் நலம். உன் கால் வலி தேவலையா? பாப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? இப்போது சொல்லப்போகும் கதையை நீ நம்பமாட்டாய். சத்தியமாக நானே நம்பவில்லை.

எங்கள் ஹோட்டல் சலவைக்கூடத்து ஓய்வறையில் ஞாயிறு மதியம் ஒரு கிறிஸ்துமஸ் படம் ஓடியது. பனியில் மாட்டிக்கொண்ட அப்பன் ஒருவன் பஸ், ரயில், படகு என்று மாறி மாறி வீட்டுக்கு ஓடுகிறான். கடைசியில் கதவு திறந்ததும் நாங்கள் பன்னிரண்டு தடியர்களும் அழுத அழுகையில் அறைக்குள் இடுப்பளவு வெள்ளம்! கண்ணைத் துடைத்தே, துவைத்து வைத்த தொள்ளாயிரம் படுக்கை விரிப்பும் நனைந்துபோயின.

இஸ்திரி போடுகிறவன், "என்ன மாமா, கண்ணுல சோப்பு பட்டுடுச்சா?" என்றான்.

"ஆமாடா, ரெண்டு கண்ணுலயும்" என்றேன்.

போன டிசம்பரில் நீயும் பாப்பாவும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து இப்படி ஒரு படம்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "எல்லாம் ஒரே கதைதானே" என்று நான் செய்திக்கு மாற்றினேன். "அஞ்சே நிமிஷம்ப்பா" என்று பாப்பா கெஞ்சினாள். நான் கேட்கவில்லை. மூன்றாம் நாள் விமானம் ஏறிவிட்டேன்.

அந்தப் படத்தின் பெயரை அவளிடம் கேட்டு எழுது. இங்கே தேடிப் பார்த்து, மிச்சக் கதையை நானே போனில் அவளுக்குச் சொல்ல வேண்டும். கூடவே இரண்டு பனியனும் ஒரு தைலமும் அனுப்பு.

ஷிப்டு மணி அடித்துவிட்டது. வெள்ளமெல்லாம் புளுகு. ஒரு விரிப்பின் ஓரம் நனைந்தது மட்டும் நிஜம். அதை நானே மறுபடி துவைத்துப் போட்டேன்.

உன் வீட்டுக்காரன்